சுவர்ச் சித்திரமும் இரு தரப்பு நியாயமும்

மதுக்கரையிலிருந்து பாலக்காட்டுச் சாலை வழியே கோவைக்குப் பயணப்படும் பிள்ளைகள், உக்கடத்தில் இறங்கிப் பெரியகுளத்தை அடுத்த அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பக்கம் சற்றே நடந்தால், கட்டடத்தின் முழு உயரத்துக்கும் தீட்டப்பட்ட மாபெரும் வண்ணச் சித்திரங்களைக் காணலாம். டில்லியின் லோதி காலனியிலும், 2020-இல் சென்னைக் கண்ணகி நகரிலும் வீட்டுச் சுவர்களைச் சித்திரசாலையாக மாற்றிய ‘ஸ்டார்ட் இந்தியா’ அறக்கட்டளையின் முயற்சியே உக்கடத்திலும் நிகழ்ந்தது. தொடக்கப் பள்ளியின் உயர் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒரு விஷயத்தின் இரு பக்கங்களையும் நிறுத்துப் பார்த்து எழுதக் கற்பிக்க, இதைவிட உசிதமான பொருள் நம் ஊர்ப்புறத்தில் கிடைப்பது அரிது என்பது என் அபிப்பிராயம்.

வாதம் செய்வதில் நம் குழந்தைகள் சளைத்தவர்கள் அல்லர். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள். ஓர் அணியைக் கொடுத்துவிட்டால் மேடையே அதிரப் பேசிவிடுவார்கள். ஆனால் எதிரணியின் நியாயத்தை அதன் முழு பலத்தோடு தாமே எடுத்துச் சொல்லவும், பின்பு நடுவராக அமர்ந்து காரணங்காட்டித் தீர்மானிக்கவும் அவர்களை நாம் பழக்குவதில்லை. இங்கிலாந்தில் பத்து வயதுக் குழந்தைகளுக்கே இப்பயிற்சி உண்டு. பாங்க்ஸி என்ற பெயரில் தன்னை மறைத்துக்கொண்டு சுவர்களில் வரையும் ஓவியரின் செயல் கலையா, குற்றமா என்று அவர்களை எழுதச் சொல்லும் ஆசிரியர்கள் அங்கே பலர்.

நம் பிள்ளைகளுக்கு பாங்க்ஸி வேண்டியதில்லை. 1934-இல் சிமெண்டு ஆலை எழுந்த மதுக்கரையில், சுவர் என்பது எந்தக் குழந்தைக்கும் அந்நியமான பொருள் அன்று. கட்சிச் சின்னங்களும், “விளம்பரம் செய்யாதீர்” என்ற எச்சரிக்கையும், அதன்மீதே ஒட்டப்பட்ட சினிமாச் சுவரொட்டியும் அவர்கள் நாள்தோறும் காண்பவை. பொது இடங்களை இவ்வாறு அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே இங்கு சட்டம் இயற்றப்பட்டது என்பதை ஆசிரியர் சொன்னால், விவாதத்துக்கு வேண்டிய முதல் சரக்கு வந்துவிடும்.

எழுதுமுன் பேசவிட வேண்டும். சுவருக்குச் சொந்தக்காரர், ஓவியர், குடியிருப்பவர், தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர் ஆகிய ஒவ்வொருவராகவும் தன்னைப் பாவித்து ஒரு குழந்தை பேச, மற்றவர்கள் அதைக் கரும்பலகையின் இரு பத்திகளில் பிரித்துக் குறிக்கட்டும். “படம் வரைவது நல்லது, அழகாக இருக்கும்” என்று ஒரு பிள்ளை எழுதினால், “யாருக்கு? எப்படித் தெரியும்?” என்று ஆசிரியர் அன்போடு கேட்க வேண்டும். அக்கேள்விக்குப் பின் அதே பிள்ளை, “படம் வரைந்த சுவரடியில் குப்பை கொட்ட ஆட்கள் கூசுகிறார்கள், ஆயினும் வீட்டுக்காரரைக் கேட்காமல் வரைந்தால் அவர் மனம் வருந்தும்” என்று எழுதும். ‘ஏனெனில்’, ‘ஆயினும்’, ‘மறுபுறம்’, ‘ஆகவே’ என்ற சின்னஞ்சிறு சொற்கள் இப்படித் தேவை நேரும்போது கைக்கு வந்தால்தான் நிலைக்கும். பட்டியலாக மனப்பாடம் செய்வித்துப் பயனில்லை.

கண்ணகி நகர் இன்னும் ஆழமான ஒரு பாடத்தைத் தரும். சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைக் குடும்பங்கள் 2000-ஆம் ஆண்டு முதல் குடியமர்த்தப்பட்ட இடம் அது. சித்திரங்கள் வந்தபின் வெளியூரார் அந்தப் பேட்டையைக் காண ஆவலோடு வந்தார்கள் என்பது ஒரு பக்கத்து நியாயம். வண்ணம் பூசுவதால் குடிநீரும் வேலையும் வந்துவிடுமா என்பது மறுபக்கத்து நியாயம். இரண்டையும் உண்மையென்று ஒப்புக்கொண்டு, அதன் பிறகும் தன் முடிவு இன்னதென்று துணிந்து எழுதும் குழந்தையை நான் மனமாரப் பாராட்டுவேன். இரு பக்கமும் சரியே என்று நழுவும் கட்டுரைக்கு மதிப்பெண் குறைப்பதில் ஆசிரியர் தயங்க வேண்டாம்.

மதுக்கரை வட்டாரத்து ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன்: இவ்வாண்டே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் உக்கடத்துக்கு அழைத்துச் சென்று, அச்சித்திரங்களையும் அங்கே குடியிருப்போர் கூறுவதையும் கண்டு கேட்டு வரச் செய்து, மறுநாள் வகுப்பில் எழுதச் சொல்லுங்கள்.