உறுதிக்குத் துணை

மக்கள் மேற்கொள்ளும் முயற்சிகள் இருவகைப்படும். சில முயற்சிகளின் பயன் உடனே கண்ணுக்குத் தோன்றும். விறகு பிளப்பவன் கோடரியை ஓங்கி இறக்கிய அளவிலே கட்டை இரண்டாகின்றது. வேறு சில முயற்சிகளின் பயனோ நெடுநாள் மறைந்து நிற்கும். தென்னம்பிள்ளை நட்டு நீர் வார்ப்பவன் பல்லாண்டு காத்திருந்தே காய் பறிக்கின்றான். முன்னதற்கு உடல் வலிமை போதும்; பின்னதற்கு மனவுறுதி இன்றியமையாதது. அளவுக்கு மிஞ்சிப் பருத்த உடலின் எடையைக் குறைத்தல் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்த முயற்சியாகும்.

உண்ணும் உணவிலிருந்து உடல் ஆற்றலைப் பெறுகின்றது. நடத்தல், உழைத்தல், மூச்சுவிடுதல் முதலிய செயல்களுக்குச் செலவானது போக எஞ்சிய ஆற்றல் கொழுப்பாக மாறி உடலில் தங்குகின்றது. இக்கொழுப்பு அளவோடு இருப்பின் நன்று. மிகுமாயின் நீரிழிவு, குருதியழுத்தம், இதயநோய், மூட்டுவலி முதலிய துன்பங்களுக்கு வழி திறக்கின்றது. உணவு மிகுதியும் உழைப்புக் குறைவும் மட்டுமே உடற்பருமனுக்குக் காரணங்கள் அல்ல. பெற்றோர்வழி வந்த உடலமைப்பு, உறக்கக் குறைவு, சில நோய்கள், சில மருந்துகள் ஆகியனவும் காரணங்களாகும். ஆதலின், பருத்த உடலினரைச் சோம்பேறிகள் என்று இகழ்தல் அறியாமையாகும்.

எடையைக் குறைக்கும் முயற்சி மெல்லவே பயன் தருவது ஏன்? உடலில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றல் அடங்கியுள்ளது. நாள்தோறும் உணவில் 500 கலோரி குறைக்கும் ஒருவர், அந்த ஒரு கிலோவை இழக்க இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகும். அன்றியும், உடல் இலேசாக ஆக அதனைச் சுமந்து திரிவதற்கு வேண்டிய ஆற்றலும் குறைகின்றது. ஆகவே, தொடக்கத்தில் விரைந்து இறங்கிய எடை, சில திங்கள் கழித்துத் தயங்கித் தயங்கியே இறங்கும். உணவும் நடையும் முன்போலவே இருக்க, எடைக் கருவியின் முள் மட்டும் அசையாது நிற்கும் காலமும் உண்டு.

இடையிடையே முள் ஏறுவதும் உண்டு. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடையுள்ளது. உப்பு மிகுந்த உணவை உண்ட மறுநாள் உடல் நீரை மிகுதியாகத் தேக்கி வைக்கும். அதனால் கொழுப்புச் சிறிதும் கூடாதிருக்கவும் எடை கூடியதாகத் தோன்றும். இவ்வுண்மையை அறியாதார், தம் முயற்சியெல்லாம் பாழாயிற்று என்று மனம் உடைந்து அதனைக் கைவிடுகின்றனர். பலருடைய முயற்சி இவ்விடத்திலேதான் முறிந்துபோகின்றது. உடல் தோற்பதற்கு முன்னரே உள்ளம் தோற்றுவிடுகின்றது.

மெல்ல நடக்கப் பொறாமல் பட்டினி கிடந்து விரைவிலே மெலிய விரும்புவோரும் உளர். பட்டினி உள்ளத்தை என்ன செய்யும் என்பதை 1945-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் அதனை நடத்தினார். போரினால் பசிக்கு ஆளான மக்களை மீட்கும் வழியை அறிவதற்காக, 36 இளைஞர்கள் தாமே முன்வந்து அரைவயிற்று உணவை ஏற்றனர். அவர்கள் உடல்நலம் உடையவர்கள், பருத்தவர்கள் அல்லர். 24 வாரங்களில் அவர்தம் எடை ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தது. அவர்கள் சோர்ந்தனர்; சிறு செய்திக்கும் சினந்தனர். அவர்களுள் பலர் இரவும் பகலும் உணவையே எண்ணினர். சமையல் நூல்களைத் தேடிப் படித்தனர். கடும்பட்டினி உணவாசையை அடக்குவதில்லை, அதனை வளர்க்கின்றது. ஆகவே, வாரத்திற்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதே வளர்ந்தோர்க்கு ஏற்ற நடை என மருத்துவர் பொதுவாகக் கூறுவர்.

அவ்வாறாயின், மாதக்கணக்கில் மெல்லச் செல்லும் இப்பயணத்தில் உள்ளம் சோராமல் இருப்பதற்கு வழி யாது? அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தலைவியின் வரலாறு இவ்வினாவுக்கு விடை கூறுகின்றது.

ஜீன் நைடிச் என்னும் அம்மையார் 1923-ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரத்தின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். தந்தையார் வாடகைக்கார் ஓட்டுநர். எளிய குடும்பத்தில் வளர்ந்த அவருக்கு இளமை முதலே உடல் பருத்திருந்தது. மெலிவதற்கென விற்ற மாத்திரைகளையும், அவ்வப்போது தோன்றி மறைந்த உணவு முறைகளையும் அவர் முயன்று பார்த்தார். ஒவ்வொரு முறையும் எடை குறைந்தது. பின்னர்த் திரும்பி வந்தது.

1961-ஆம் ஆண்டில் அவருடைய எடை 97 கிலோவாக இருந்தது. ஒருநாள் கடைக்குச் சென்றிருந்தபோது, அறிமுகமான பெண்ணொருவர் அவரை எதிர்ப்பட்டு, அன்போடு நலம் உசாவி, குழந்தை எப்போது பிறக்கும் என்று வினவினார். அம்மையார் அப்போது கருவுற்றிருக்கவில்லை. அவ்வினா அவர் நெஞ்சில் தைத்தது. அதன் பின்னர் அவர் நகரத்தின் சுகாதாரத் துறை நடத்திய உடற்பருமன் மருத்துவ நிலையத்தை நாடினார். அங்கே தக்க உணவு முறை ஒன்றை வகுத்துக் கொடுத்தனர். அதனைப் பின்பற்றிப் பத்து வாரங்களில் ஏறத்தாழ 9 கிலோ குறைந்தார்.

ஆயினும் அவர் உள்ளத்தில் ஓர் உறுத்தல் இருந்தது. இனிப்புப் பிஸ்கோத்துகளின் மீது அவருக்கு இருந்த ஆசை அடங்கவில்லை. அவற்றைக் குளியலறையில் அழுக்குத்துணிக் கூடைக்குள் மறைத்து வைத்து, யாரும் அறியாமல் தின்று வந்தார். இதனை அவர் எவரிடமும் கூறவில்லை. என்ன உண்ணல் வேண்டும் என்னும் அறிவு அவருக்கு இருந்தது. அவ்வறிவின்படி நிற்பதற்குரிய துணை இல்லை.

அதனை உணர்ந்த அம்மையார், தம்மைப் போன்றே உடல் பருத்திருந்த தோழியர் அறுவரை அழைத்துத் தம் இல்லத்தில் கூட்டினார். தாம் பிஸ்கோத்துகளை ஒளித்து வைத்துத் தின்ற செய்தியை அவர்களிடம் மறையாது உரைத்தார். தோழியர் நகைக்கவில்லை. தாமும் அவ்வாறே உணவை ஒளித்து வைத்து உண்ட செய்திகளை ஒருவர் பின் ஒருவராகக் கூறலாயினர். தனக்கு மட்டுமே உரிய இழிவு என்று ஒவ்வொருவரும் எண்ணியிருந்தது, அனைவர்க்கும் பொதுவான ஒரு மனித இயல்பு என்பது அன்று புலனாயிற்று. நெஞ்சிலிருந்த வெட்கம் நீங்கவே, ஊக்கம் பிறந்தது. வாரந்தோறும் கூடுவதென அவர்கள் முடிவு செய்தனர். இரண்டு திங்களில் அக்கூட்டம் நாற்பது பேராயிற்று.

1962-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அம்மையாரின் எடை 64 கிலோவாக இறங்கியது. ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் 33 கிலோ குறைந்தது. வாரக் கணக்கில் பார்ப்பின், சராசரியாக அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான்! ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியாத அச்சிறு மாற்றம், ஓராண்டில் ஓர் ஆளையே புதிதாக்கிவிட்டது. 1963-ஆம் ஆண்டு மே திங்களில் அவரும் நண்பர் சிலரும் சேர்ந்து ‘வெயிட் வாட்சர்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அது பின்னர்ப் பல நாடுகளிலும் பரவியது. 2015-ஆம் ஆண்டு, தம் 91-ஆம் வயதில் அம்மையார் காலமானார். ஒருகாலத்தில் கைவிட்ட பழைய எடைக்கு அவர் மீண்டும் திரும்பியதில்லை.

கூடிச் செய்யும் முயற்சி இத்துணை வலிமை பெறுவது எவ்வாறு? முதலாவது, குறித்த நாளில் தன்னை எதிர்பார்த்து நால்வர் இருக்கின்றனர் என்னும் எண்ணம் ஒருவனைத் தவறாமல் நடக்கச் செய்கின்றது. விடியற்காலையில் தனியே எழுந்து நடக்கச் சோம்புபவனும், தெருமுனையில் நண்பன் காத்திருப்பான் என்றால் எழுந்துவிடுகின்றான். இரண்டாவது, முள் அசையாத வாரத்தில், முன்னர் அதே நிலையைக் கடந்து வந்த ஒருவர், “எனக்கும் இவ்வாறு நின்றது, பின்னர் இறங்கியது” என்று கூறும் சொல் பெரிதும் ஆறுதல் தருகின்றது. மூன்றாவது, பிறர்க்கு ஊக்கம் கூறுபவர், அச்சொல்லுக்கு ஏற்பத் தாமும் ஒழுகக் கடமைப்பட்டவராகின்றார். துணை கொடுப்பவர்க்கும் துணை கிடைக்கின்றது.

இதனை ஆராய்ந்து பார்த்தோரும் உளர். ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளிலும் பருத்த உடலினர் 772 பேரை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வு ஒன்று 2011-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருத்துவரின் வழக்கமான அறிவுரையை மட்டும் பெற்றோர் ஓராண்டில் சராசரியாக 2 கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தனர். வாரந்தோறும் கூடும் குழுவுக்கு அனுப்பப்பட்டோர் ஏறத்தாழ 5 கிலோ குறைந்தனர். அக்குழுக்களை நடத்திய நிறுவனமே இவ்வாய்வுக்குப் பொருளுதவியும் செய்தது என்பதை நடுநிலையாளர் மனத்திற் கொள்ளல் வேண்டும். அன்றியும், குழுவிற் சேர்ந்தோருள்ளும் ஏறத்தாழப் பத்தில் நால்வர் இடையிலேயே நின்றுவிட்டனர். துணை பயன் தருவது உண்மை. எனினும் அது மந்திரம் அன்று. நடக்க வேண்டியவை அவரவர் கால்களே.

ஐந்து கிலோ மிகச் சிறிதன்றோ எனச் சிலர் கருதலாம். நீரிழிவு வரும் நிலையிலிருந்த 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த பேராய்வு ஒன்றன் முடிவு 2002-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தம் எடையில் 100-க்கு 7 பங்கைக் குறைத்தலும், வாரத்திற்கு 150 நிமிடம் நடத்தல் முதலிய உடலுழைப்பும் ஒரு பிரிவினர்க்கு இலக்காக வகுக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்றாண்டுக் காலத்தில், அவ்வழியில் நின்றவரிடையே நீரிழிவு தோன்றுவது, வெறும் மாத்திரை உருவை உண்ட பிரிவினரை நோக்க, 100-க்கு 58 பங்கு குறைந்தது. அவர்கள் குறைத்த எடை சராசரியாக 5.6 கிலோ மட்டுமே. சிறு முயற்சி பெருநோயைத் தடுக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

துணையிலும் நற்றுணை, தீத்துணை என இருவகை உண்டு. யார் விரைவில் மெலிவது எனப் போட்டியிடும் கூட்டம் ஒருவரையொருவர் பட்டினிக்குத் தள்ளும். தவறி இனிப்புத் தின்றவரை இடித்துரைத்து நகைக்கும் கூட்டம், அவரை மீண்டும் ஒளிந்து தின்னவே செய்யும். நல்ல துணைவர், விருந்தில் அளவு மீறிய நண்பரை நோக்கி, அடுத்த வேளை உணவிலிருந்து மீண்டும் முறைப்படி தொடங்குக என்பர். வழியில் இடறியவன் எழுந்து நடப்பதே முறை. இடறிய இடத்திலேயே அமர்ந்துவிடுதல் முறையன்று.

மாணவர்கள் இங்கு ஒன்றை நினைவில் இருத்துதல் வேண்டும். வளரும் பருவத்தில் எலும்பும் தசையும் பெருகுவதற்கு நிறைந்த உணவு தேவை. ஆகவே, இளையோர் தாமாகவே உணவைக் குறைத்தல் தகாது. எடை குறித்து ஐயம் எழுமாயின், பெற்றோரிடம் கூறி மருத்துவரை அணுகுதல் வேண்டும். ஆனால், துணையாக நிற்றல் எல்லா மாணவர்க்கும் இயலும். வகுப்பில் உடல் பருத்த தோழன் ஒருவன் இருப்பின், அவனுக்குப் பட்டப்பெயர் சூட்டுவோர் அவனை விளையாட்டுத் திடலிலிருந்து துரத்துகின்றனர். பெயர் சொல்லி அழைத்து ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோர் அவனுக்கு நலம் செய்கின்றனர். வீட்டில் தந்தையோ தாயோ மருத்துவர் சொற்படி மாலையில் நடக்கத் தொடங்கினால், மக்களும் உடன் நடக்கலாம்.

ஓர் அம்மையாரின் இல்லத்தில் அறுவர் கூடிப் பேசிய உண்மைச் சொற்கள், பல நாடுகளில் பலர்க்கு ஊன்றுகோலாயின. நெடுவழி நடப்பவர்க்கு வழியைச் சுருக்கித் தருதல் எவராலும் இயலாது. உடன் நடந்து களைப்பைக் குறைத்தல் யாவராலும் இயலும்.