டாஸ்க்பாரைக் காணவில்லை, கணினி சாகவில்லை

தேனி மாவட்டம் கெங்குவார்பட்டியில் ஒரு லேப்டாப்பில் கோளாறு என்றால் அது பெரும்பாலும் பஸ் ஏறுகிறது. கிழக்கே வத்தலக்குண்டு, மேற்கே பெரியகுளம், அங்கும் ஆகவில்லை என்றால் தேனி. போகிற இடத்தில் கிடைக்கிற வைத்தியம் அநேகமாக ஒன்றுதான்: “ஃபார்மட் அடிச்சு புதுசா ஓஎஸ் போட்டுடலாம்.” விண்டோஸ் போட்ட கணினிக்கே இந்தப் பேச்சு என்றால் லினக்ஸ் போட்ட கணினிக்குக் கேட்கவே வேண்டாம். திரை வருகிறது, பின்னணிப் படம் வருகிறது, ஆனால் கீழே இருக்க வேண்டிய பட்டை இல்லை. விண்டோவைத் திறந்தால் மூடவும் சுருக்கவும் உள்ள பட்டன்கள் இல்லை. பார்ப்பவருக்கு எல்லாமே போய்விட்டது போலத் தோன்றும். உண்மையில் போனது ஒரு சின்ன நிரல். அதைத் திரும்ப எழுப்புவதற்குப் பதில் வட்டையே துடைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய சேதம். அந்தச் சேதத்தைத் தடுக்கும் உரிமை பயனருக்கு உண்டு என்பதும், அது பலருக்குத் தெரியவில்லை என்பதும்தான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம்.

லினக்ஸ் நம் வீடுகளுக்குள் வந்தது ஏதோ பொழுதுபோக்காக அல்ல. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அதற்கும் சில ஆண்டுகள் முன்பே, ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் பொறுப்பில் இருந்த காலத்தில், தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசி லினக்ஸுக்கு மாறியிருந்தது. கணினி வந்த அளவுக்கு அதைக் கையாளும் அறிவு கூடவே வரவில்லை. குமுளியைத் தாண்டினால் நிலைமை வேறு. கேரளத்தின் ஐடி@ஸ்கூல் திட்டமும் அதன் வாரிசான கைட் நிறுவனமும் அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளையே பாடமாக்கி, ஆசிரியர்களையும் அதிலேயே பழக்கின. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியருக்கு அன்றாட விஷயமாக இருப்பது இந்தப் பக்கம் கடைக்காரருக்கே புதிராக இருக்கிறது. இதைக் கடைக்காரரின் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். கணினியைக் கொடுத்து, பழுது பார்க்கும் அறிவைக் கொடுக்காமல் விட்ட ஏற்பாட்டின் குறை அது.

திரையில் நாம் பார்ப்பது ஒரே பொருள் என்று நினைப்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே போன்ற டெஸ்க்டாப்புகளில் கீழேயோ மேலேயோ ஓடும் பட்டை தனி நிரல். அதன் பெயர் பேனல். ஒவ்வொரு விண்டோவுக்கும் சட்டம் மாட்டி, தலையில் மூன்று பட்டன் வைப்பது வேறொரு நிரல். அது விண்டோ மேனேஜர். பின்னணிப் படத்தையும் ஐகான்களையும் காட்டுவது இன்னொன்று. ஒன்று விழுந்தால் மற்றவை ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே எது இல்லை என்பதே எது பழுது என்பதைச் சொல்லிவிடும். பட்டை மட்டும் இல்லை, விண்டோக்களின் தலைப்பு நன்றாக இருக்கிறது என்றால் பேனல் நின்றிருக்கிறது. பட்டை இருக்கிறது, ஆனால் விண்டோக்கள் இடது மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கின்றன, ஆல்ட்-டேப் வேலை செய்யவில்லை என்றால் விண்டோ மேனேஜர் நின்றிருக்கிறது. க்னோமிலும் சின்னமனிலும் பட்டையும் சட்டமும் ஒரே நிரலின் வேலை என்பதால் இரண்டும் சேர்ந்தே காணாமல் போகும். இத்தனையிலும் பயனரின் கோப்புகளோடு இவற்றில் எதற்கும் சம்பந்தமே இல்லை.

பக்கத்தில் உள்ள தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயிலில் கருவறைக் கதவு திறப்பதில்லை. சாத்திய கதவுக்கே பூஜை நடக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் உள்ளே அம்மன் இல்லை என்று அங்கே யாரும் சொல்வதில்லை. கணினி விஷயத்தில் அந்த நம்பிக்கைகூடத் தேவையில்லை, சோதித்தே பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் படம் மறைந்து, எழுத்து மட்டும் உள்ள கறுப்புத் திரை வரும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய்க் கோப்புப் பட்டியலைக் கேட்டால், படங்களும் பாடக் குறிப்புகளும் இருந்த இடத்திலேயே இருப்பது தெரியும். திரும்பி வர, கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடும் எஃப்1, எஃப்2 அல்லது எஃப்7. பட்டை இல்லாத கணினியில் தரவு அழியவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஃபார்மட் என்று யார் சொன்னாலும் முதலில் இதைச் செய்து காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

அப்படியானால் பட்டை ஏன் போகிறது? காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. விண்டோ முழுத்திரையாகியிருக்கும், எஃப்11 அழுத்தினால் சரியாகிவிடும். பட்டை தானாக ஒளிந்துகொள்ளும் அமைப்புக்கு மாறியிருக்கும். வகுப்பில் புரொஜெக்டரில் மாட்டிக் கழற்றியபின், பட்டை, இப்போது இல்லாத அந்த இரண்டாவது திரையிலேயே தங்கியிருக்கும். கொஞ்சம் தீவிரமான காரணம் ஒன்றைப் பலர் யோசிப்பதில்லை: வட்டு நிரம்பிவிட்டது. சினிமாக்களும் வாட்ஸ்ஆப் வீடியோக்களும் இடத்தை முழுவதுமாக விழுங்கியபின் டெஸ்க்டாப்பால் தன் அமைப்புகளை எழுதி வைக்க முடியாது. அரைகுறையாக எழுதிய கோப்பு, அடுத்த முறை பட்டையைத் தடுக்கும். இன்னொன்று எக்ஸ்எஃப்சிஇ-யின் விசித்திரம். கணினியை அணைக்கும்போது ‘இந்த நிலையைச் சேமி’ என்ற பெட்டியில் டிக் இருந்தால், பட்டை இறந்து கிடந்த நிலையையும் அது விசுவாசமாகச் சேமித்து வைத்து, மறுநாளும் பட்டை இல்லாமலே எழும். ‘ரீஸ்டார்ட் பண்ணியும் வரலை’ என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும்.

தீர்வுகளும் அதே அளவுக்கு எளியவை. பல கணினிகளில் கன்ட்ரோல்-ஆல்ட்-டி (T) டெர்மினலைத் திறக்கும். அதுவும் வராவிட்டால் பல டெஸ்க்டாப்புகளில் ஆல்ட்-எஃப்2 ஒரு சிறு பெட்டியைத் தரும். அதில் அந்த டெஸ்க்டாப்பின் பேனல் நிரலின் பெயரை இட்டால் பட்டை எழுந்து நிற்கும். விண்டோ மேனேஜரின் பெயரோடு ‘ரீப்ளேஸ்’ என்ற சேர்க்கையை இட்டால் பட்டன்கள் திரும்பும். சின்னமனில் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தினாலே போதும், திறந்த விண்டோக்கள் மூடாமல் டெஸ்க்டாப் மட்டும் புதிதாகத் தொடங்கும். இவை எதுவும் பலிக்காவிட்டால், கணினியில் புதிதாக இன்னொரு பயனர் கணக்கை உருவாக்கி அதில் நுழைவதுதான் என் கணிப்பில் எல்லாவற்றிலும் சிறந்த சோதனை. அங்கே பட்டை வந்தால் இயங்குதளம் நலமாக இருக்கிறது, பழைய கணக்கின் அமைப்புக் கோப்புகள்தான் கெட்டிருக்கின்றன. ஹோம் ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் மறைவான அமைப்பு ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டால் போதும். அழிக்க வேண்டாம், பெயரை மாற்றினால் போதும். சரிவராவிட்டால் பழைய பெயரை மீண்டும் வைக்கலாம் அல்லவா?

பட்டன் இல்லாதது பழுதே இல்லை என்ற நிலையும் உண்டு. 2010 ஏப்ரலில் வந்த உபுண்டு 10.04 பட்டன்களை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றியது, 17.10 பதிப்பில்தான் அவை வலப்பக்கம் திரும்பின. 2011 ஏப்ரலில் வெளிவந்த க்னோம் 3, சுருக்கும் பட்டனையும் பெரிதாக்கும் பட்டனையும் எடுத்துவிட்டு, மூடும் பட்டனை மட்டும் விட்டு வைத்தது. அப்படி அமைந்த கணினியில் ‘ட்வீக்ஸ்’ என்ற செயலியைத் திறந்து இரண்டு சுவிட்சைத் தள்ளினால் பட்டன்கள் வந்துவிடும். வடிவமைப்பாளர்கள் கேட்காமல் செய்த மாற்றம், பயனருக்குப் பழுதாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ‘லினக்ஸ் இப்படித்தான், அடிக்கடி முகம் மாறும்’ என்ற குற்றச்சாட்டில் பாதி நியாயம் இங்கே இருக்கிறது. மறு பாதியையும் பார்க்க வேண்டும். க்னோமின் மாற்றம் பிடிக்காமல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனர் அதே 2011-ல் பழைய க்னோமின் மூலநிரலை எடுத்து மாட்டே என்ற டெஸ்க்டாப்பாக வளர்க்கத் தொடங்கினார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. மாற்றவும் பகிரவும் உள்ள உரிமையை ஜிபிஎல் உரிமமே தருகிறது. ஆனால் அதே உரிமம் ‘எந்த உத்தரவாதமும் இல்லை’ என்றும் தெளிவாகச் சொல்கிறது. பட்டை போனதற்காக லினக்ஸை உருவாக்கியவர்களிடம் நஷ்டஈடு கேட்க வழியில்லை. சட்டத்தின் துணை வேறொரு இடத்தில் தொடங்குகிறது: காசு வாங்கிக்கொண்டு பழுது பார்க்கும் இடத்தில்.

அங்கே உள்ள ஆபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு இயங்குதளம் உள்ள லேப்டாப்பில் லினக்ஸின் பார்ட்டிஷனை விண்டோஸால் படிக்க முடியாது. சில சமயம் ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸே கேட்கும். ‘சரி’யை அழுத்தினால் மூன்று ஆண்டு பாடக் குறிப்பும் ப்ராஜெக்ட்டும் போயிற்று. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் மேற்கொண்டு எதையும் எழுதாமல் நிறுத்திவிட்டால் மீட்க ஓரளவு வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி என்றால் அழித்த இடத்தை அது தானே துடைத்துக்கொள்வதால் வாய்ப்பு மிகக் குறைவு. அடுத்த ஆபத்து, துடைத்த இடத்தில் ஏறும் திருட்டு விண்டோஸ். திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்துவது 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் ரூ.50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் அந்தப் பிரிவில் உண்டு. பயன்படுத்துபவர் நீங்கள்தான், போட்டுக் கொடுத்த கடை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். போதாததற்கு, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அரசு முதலில் கொடுத்த பழைய லேப்டாப்புகளை விண்டோஸ் 11 ஏற்காது. அந்தக் கணினிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் காசில்லாமல் தொடர்ந்து கிடைக்கும் வழி லினக்ஸ்தான். கடைகளில் அழிப்பதும் அதைத்தான்.

‘ஐந்நூறு ரூபாயில் ஒரு மணி நேரத்தில் வேலை முடிகிறது, இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?’ என்று கேட்கலாம். வட்டில் ஒன்றுமே இல்லாதவருக்கு அந்தக் கேள்வி சரி. மற்றவர்களுக்குக் கணக்கு வேறு. அந்த ஒரு மணி நேரத்தில் மிச்சமாவது கடைக்காரரின் யோசனை; செலவாவது வாடிக்கையாளரின் தரவு. ‘விண்டோஸில் இப்படி நடக்காது’ என்பதும் உண்மையில்லை. அங்கும் எக்ஸ்ப்ளோரர் என்ற நிரல் நின்றால் டாஸ்க்பார் மறையும். டாஸ்க் மேனேஜரில் அதை மறுபடி தொடங்கினால் வந்துவிடும். நோயும் மருந்தும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி விலை கொடுத்து வாங்குபவரே நுகர்வோர். ஆகவே இலவசமாக வந்த லேப்டாப்பைக் குறித்து அந்தச் சட்டத்தில் வழக்காடுவது கடினம். ஆனால் அதே லேப்டாப்பைக் காசு கொடுத்துப் பழுது பார்க்கும்போது அந்தச் சேவைக்கு நீங்கள் நுகர்வோர் ஆகிவிடுகிறீர்கள். பில் தராமல் இருப்பதும், நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலை வேறொருவருக்கு வெளியிடுவதும் நியாயமற்ற வணிக நடைமுறை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பழுது பார்க்கக் கொடுத்த லேப்டாப்பிலிருந்து பெண்களின் படங்கள் வெளியே போகுமோ என்ற அச்சத்துக்கு இந்த வரி மட்டும் போதாது. 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியில்லாமல் தரவை நகலெடுப்பதையும் அழிப்பதையும் இழப்பீட்டுக்குரிய செயலாக்குகிறது, அதையே மோசடி எண்ணத்தோடு செய்தால் 66-ம் பிரிவு குற்றமாக்குகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சைபர் குற்றம் என்றால் 1930. அதற்கும் மேல் தேனியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வக்கீல் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் மனு செய்யலாம், கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும்.

இவ்வளவு சட்டமும் ஒரு வார்த்தையில் தளர்ந்துபோகும். ‘ஃபார்மட் பண்ணிரட்டுமாண்ணே?’ என்று கேட்டு, ‘சரி’ என்று நீங்கள் சொல்லிவிட்டால் அனுமதி கொடுத்ததாகிவிடும். பிறகு வாய்ப்பேச்சை யார் நிரூபிப்பது? ஆகவே பஸ் ஏறும் முன் பென்டிரைவில் இருந்து ஓடும் லினக்ஸைக் கொண்டு தேவையான கோப்புகளை நகலெடுத்துக்கொள்வது நல்லது. அதற்கு ஆள் இல்லை என்றால் தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, கணியம், காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்றவற்றில் தமிழிலேயே, காசு வாங்காமல், சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கடையில் கொடுக்கும்போது சீட்டில் மூன்று வரி எழுதச் சொல்ல வேண்டும்: டாஸ்க்பாரும் விண்டோ பட்டனும் வரவில்லை, லினக்ஸ் பார்ட்டிஷனில் என் தரவு இருக்கிறது, என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது. எழுதிய சீட்டை அங்கேயே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.