புலிக்குப் பிறந்தது பூனையா? முதல் குட்டிகளைப் பார்த்து அவசரப்பட்ட கோடீஸ்வரர்கள்!

ஒன்றரை வயது கூட ஆகாத குதிரைக்குட்டி அது. பந்தய மைதானத்தில் ஒரு தடவை கூட ஓடியதில்லை. ஜெயிக்குமா, தோற்குமா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் 15 லட்சம் டாலர் கொடுத்து அதை ஏலத்தில் எடுத்தார்கள்!

1976-ம் ஆண்டு ஜூலையில், அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் கீன்லேண்ட் என்ற இடத்தில் நடந்த ஏலம் அது. குட்டியின் பெயர் கனடியன் பவுண்ட். பகிரங்க ஏலத்தில் 10 லட்சம் டாலரைத் தாண்டிய முதல் குட்டி அதுதான்.

அப்படி என்ன விசேஷம்? அப்பன் பெயர் செக்ரட்டேரியட். அது போதாதா?

போதவில்லை. கனடியன் பவுண்ட் ஒரு ரேஸில் கூட ஜெயிக்கவில்லை.

பந்தயத்தில் ஓடி ஓய்ந்து, புதிதாகப் பண்ணைக்கு வந்த பொலிகுதிரையை, அதன் முதல் குட்டிகளைப் பார்த்து எடை போடலாமா? தரோபிரெட் என்ற உயர்ஜாதிப் பந்தயக் குதிரை வளர்ப்பவர்களைத் தூங்கவிடாத கேள்வி இது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

மூன்று வருட காத்திருப்பு

புதுக்கடை போட்டவர் முதல் மாதமே கல்லாவைப் பார்த்துவிடலாம். பொலிகுதிரை வாங்கியவருக்கு அந்த வசதி கிடையாது.

பெட்டைக் குதிரை 11 மாதம் சுமக்கும். எனவே முதல் வருடம் சேர்க்கை, இரண்டாம் வருடம் குட்டி. மூன்றாம் வருடம் அந்தக் குட்டி ஏலத்துக்கு வரும். நான்காம் வருடம்தான், இரண்டு வயதில், பந்தயத்தில் கால் வைக்கும்.

மாடுகளுக்கு ஊசி போடுவதுபோல் செயற்கை முறையில் சினைப்படுத்தினால், பிறக்கும் குட்டியைத் தரோபிரெட் என்று பதிவு செய்யமாட்டார்கள். பெட்டைக் குதிரையை நேரில் கொண்டுவந்துதான் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு சேர்க்கைக்கும் கட்டணம் உண்டு.

இடைப்பட்ட வருடங்களில் தங்கள் நல்ல பெட்டைகளை அந்தப் புதுக் குதிரையிடம் அனுப்பலாமா, வேண்டாமா என்று வெளியார் யோசிப்பார்கள். கையில் அத்தாட்சி எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரிவது துள்ளித் திரியும் முதல் குட்டிகள் மட்டுமே.

என்ன பார்க்கிறார்கள்?

முன்னங்கால் நேராக இருக்கிறதா? பின்னங்கால் முட்டி உள்ளே வளைகிறதா? தோள் சரிந்து இறங்குகிறதா? பின்தொடையில் சதைப்பிடிப்பு எப்படி? நடக்கவிட்டால் எட்டி நடக்கிறதா? இப்படி ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

அனுபவசாலிகள் இன்னொன்றும் பார்ப்பார்கள். பத்துப் பெட்டைகள் போட்ட பத்துக் குட்டிகளும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தால், அப்பனின் ரத்தம் பலமாகப் பேசுகிறது என்று அர்த்தம். தாயிடம் இருந்த குறை குட்டியிடம் இல்லாவிட்டால் அது இன்னும் நல்ல சேதி.

ஆனால் பிறந்த குட்டியின் கால் கொஞ்சம் கோணலாக இருப்பது சகஜம். பல குட்டிகளுக்கு வளர வளர நிமிர்ந்துவிடும். அழகாக நிற்கிற குட்டி வேகமாக ஓடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

வயிற்றில் புளி

செக்ரட்டேரியட் சாதாரணக் குதிரை அல்ல. 1973-ல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்றது. 25 வருடங்களாக வேறு எந்தக் குதிரையும் செய்யாத சாதனை அது. மூன்றாவதான பெல்மான்ட் பந்தயத்தில் 31 குதிரை நீளம் முந்தி வந்தது. அந்த 2 நிமிடம் 24 விநாடி சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை.

இந்த வெற்றிகளுக்கு முன்பே, 1973 பிப்ரவரியில், கிளைபோர்ன் பண்ணையின் சேத் ஹான்காக் என்ற 23 வயது இளைஞர் அதை 32 பங்குகளாகப் பிரித்து விற்றார். ஒரு பங்கு 1 லட்சத்து 90 ஆயிரம் டாலர். மொத்தம் 60 லட்சத்து 80 ஆயிரம் டாலர்!

பண்ணைக்கு வந்ததும் முதல் சோதனை. குதிரையின் விந்துவைப் பரிசோதித்தபோது முதிராத அணுக்கள் இருப்பதாகத் தெரிந்தது. பணம் போட்டவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. வேறு ஜாதிப் பெட்டைக் குதிரையோடு சேர்த்துப் பார்த்தார்கள். 1974 நவம்பரில் குட்டி பிறந்த பிறகுதான் மூச்சு வந்தது.

1975-ல் உயர்ஜாதிக் குட்டிகள் பிறந்தன. அவற்றில் ஒன்றுதான் அந்த 15 லட்சம் டாலர் குட்டி. "தாயைப் போல பிள்ளை" என்று பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. அதன் தாய்க்குப் பிறந்த அக்கா டாலியா, இங்கிலாந்தின் கிங் ஜார்ஜ் பந்தயத்தை 1973, 1974 இரண்டு வருடமும் ஜெயித்த குதிரை. அப்படியும் குட்டி ஊத்திக்கொண்டது!

முதல் வருடக் குட்டிகள் எல்லாமே சோடை என்று சொல்ல முடியாது. டாக்டிலோகிராபர் என்ற குட்டி 1977-ல் இங்கிலாந்தில் பெரிய பந்தயம் ஒன்றை வென்றது. ஆனால் இன்னொரு செக்ரட்டேரியட்டை எதிர்பார்த்தவர்களுக்கு அது போதவில்லை. "புலிக்குப் பூனை பிறந்துவிட்டது" என்று முடிவு கட்டினார்கள்.

அண்ணனின் குதிரை

இதே ஹான்காக் குடும்பத்தில் இன்னொரு கதையும் உண்டு.

1972-ல் தந்தை இறந்ததும் கிளைபோர்ன் பண்ணையின் பொறுப்பு தம்பி சேத்துக்குப் போயிற்று. அண்ணன் ஆர்தர் தனியாக ஸ்டோன் பண்ணையை நடத்தினார். 1986-ல் அங்கே ஒரு கறுப்புக் குட்டி பிறந்தது. பின்னங்கால் கோணல். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஏலத்தில் கேட்பார் இல்லை. கடைசியில் 17 ஆயிரம் டாலருக்கு ஆர்தரே திருப்பி எடுத்தார். இன்னொரு ஏலத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் விலை படியவில்லை. திரும்புகிற வழியில் வண்டி விபத்து. குதிரை பிழைத்தது.

அதுதான் சண்டே சைலன்ஸ். 1989-ல் கென்டக்கி டெர்பியை வென்றது. அந்த வருடத்தின் சிறந்த குதிரை என்ற பட்டமும் வாங்கியது.

அப்போதாவது மதித்தார்களா? இல்லை. பொலிக்குப் பங்கு வாங்க அமெரிக்காவில் போதிய ஆள் வரவில்லை. ஜப்பானின் சென்யா யோஷிடா வாங்கிக்கொண்டு போனார்.

1992-ல் ஜப்பானில் முதல் குட்டிகள் பிறந்தன. 1994-ல் ஓட ஆரம்பித்தன. 1995-ல் ஜப்பான் டெர்பி, ஓக்ஸ், சத்சுகி ஷோ ஆகிய மூன்று பெரிய பந்தயங்களையும் முதல் வருடக் குட்டிகளே தட்டிக்கொண்டு போயின! 1995 முதல் 2007 வரை தொடர்ந்து 13 வருடம் ஜப்பானின் முதல்தரப் பொலிகுதிரை சண்டே சைலன்ஸ்தான். 2002-ல் அது இறந்த பிறகும் குட்டிகள் ஜெயித்துக்கொண்டே இருந்தன.

சரியான தராசு எது?

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது இங்கே பொய்யா? பொய் இல்லை. எங்கே பார்ப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஏலத்தில் தெரிவது வாங்குபவரின் ஆசை. மைதானத்தில் தெரிவதுதான் குட்டியின் திறமை. ஒரு குட்டி ஜெயித்ததா என்பதைவிட, ஓடியவற்றில் நூற்றுக்கு எத்தனை பெரிய பந்தயத்தில் ஜெயித்தன என்று பார்ப்பதே கணக்கு.

அதிலும் ஒரு சிக்கல். பெயர் பெற்ற குதிரைக்கு நல்ல பெட்டைகளாகவே வந்து சேரும். அந்தப் பெட்டைகள் வேறு குதிரைகளுக்குப் போட்ட குட்டிகளோடு ஒப்பிட்டால்தான் அப்பனின் பங்கு எவ்வளவு என்று தெரியவரும்.

பேரன் சொன்ன பதில்

செக்ரட்டேரியட்டுக்கும் காலம் வந்தது. மகள் லேடீஸ் சீக்ரெட் 1986-ல் அமெரிக்காவின் சிறந்த குதிரை ஆனது. மகன் ரைசன் ஸ்டார் 1988-ல் அப்பன் வென்ற பெல்மான்ட்டை வென்றது.

அதைவிடப் பெரிய சொத்து மகள்கள் வழியாக வந்தது. மகள் வயிற்றுப் பேரன் ஸ்டார்ம் கேட், பின்னாளில் ஒரு சேர்க்கைக்கு 5 லட்சம் டாலர் கட்டணம் வாங்கிய பொலிகுதிரை. இன்னொரு பேரன் ஏ.பி.இண்டி 1992-ல் தாத்தாவின் அதே பெல்மான்ட் பந்தயத்தை ஜெயித்தது.

அந்த வருடம், மகள் வழிப் பேரக்குட்டிகளின் வெற்றிக் கணக்கில் அமெரிக்காவிலேயே முதலிடம் பிடித்தது செக்ரட்டேரியட். ஆனால் அந்தப் பெருமையைப் பார்க்க அது உயிரோடு இல்லை. 1989 அக்டோபரிலேயே இறந்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.