ஓலை சென்ற வழி: ஆட்சி அலுவலில் சொல்லும் கூட்டுவினையும்

அலுவலகம் ஒன்றனை நடத்துவோர்க்கு வேண்டும் திறன்கள் பல. அவற்றுள் தலையாயவை இரண்டு. கருதியதைப் பிறர் ஐயமின்றி அறியுமாறு தெரிவித்தல் ஒன்று. பலர் கூடிச் செய்யும் வினையில் தத்தம் பங்கை உணர்ந்து இயங்குதல் மற்றொன்று. இவற்றை வேறு வேறு கலைகளாகக் கொண்டு தனித்தனியே பயிற்றும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. ஆயின், தமிழ் இலக்கியத்தையும் ஆவணங்களையும் ஒருசேர நோக்குங்கால், இவ்விரண்டும் ஒன்றன் இரு கூறுகளே என்பது புலனாகும். ஒரு சொல் எத்தனை கைகளைக் கடந்து செல்கிறது, அக்கைகள் யாருடையவை, ஐயுற்ற கை அச்சொல்லை நிறுத்தி வினவ இடமுண்டா என்பவற்றைப் பொறுத்தே அலுவலின் செம்மை அமைகிறது. இதனைச் சிலப்பதிகாரக் காட்சி ஒன்றையும் சோழர் செப்பேடு ஒன்றையும் கொண்டு ஈண்டு விளக்குவாம். பின்னர் இக்கால அலுவல் தமிழை அவ்வளவுகோலால் அளந்து காண்பாம்.

1. வினவப்படாத ஆணை

கொலைக்களக் காதையில் பாண்டியன் ஆணையிடும் இடம் நாமெல்லாம் அறிந்ததே. ஊடிய தேவியின் இருக்கை நோக்கிச் செல்பவனைப் பொற்கொல்லன் கண்டு, சிலம்பு திருடிய கள்வன் தன் மனையில் உளன் என்கிறான். மன்னன் ஊர்க்காப்பாளரை அழைத்து, சிலம்பு அக்கள்வன் கையிலிருப்பின் அவனைக் கொன்று அதனைக் கொணருமாறு பணிக்கிறான். இவ்வாணையை ஊழின் செயலாகக் காண்பது காப்பிய நோக்கு. ஆட்சி நோக்கில் காண்பதும் பொருந்தும். அமைச்சரும் கரணத்தியலவரும் உள்ளிட்ட குழுக்களை உடையது காப்பியம் காட்டும் அரசியல். எனினும், ஓர் உயிரைப் பற்றிய இவ்வாணை அவருள் எவர் கையையும் கடக்கவில்லை; எழுத்திலும் ஏறவில்லை. வாயினின்று நேரே வாளுக்குச் சென்றது.

இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது அடுத்து நிகழ்வது. கோவலனைக் கண்ட காவலர் உடனே வாளோச்சவில்லை. இவன் தோற்றம் கொலைக்குரிய கள்வன் தோற்றம் அன்று என்று அவர்க்குத் தோன்றுகிறது. பொற்கொல்லன் களவு நூல் காட்டி அவ்வையத்தை மறுக்கிறான். இளைஞன் ஒருவன் முன்பு தப்பிய கள்வனைப் பற்றிக் கூறி, வினை முடியாவிடின் மன்னன் நம்மை ஒறுப்பான் என அஞ்சுகிறான். அவ்வளவில் கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஆகவே, ஆணையை ஏற்றவரிடம் அறிவு இல்லாமல் இல்லை. ஐயம் பிறந்தது, சொல்லவும்பட்டது. அதனை மன்னனிடம் மீண்டும் கொண்டு செல்லும் வழிதான் இல்லை. மேலிருந்து கீழ் வரும் சொல்லுக்கு வழி இருந்து, கீழிருந்து மேல் செல்லும் சொல்லுக்கு வழி இல்லாத இடத்தில், குழுவின் செயலை அதனுள் மிக அறியாதவன் முடிவு செய்துவிடுகிறான். ஆட்சியாளர் நெஞ்சிற் கொள்ளவேண்டிய உண்மை இது.

2. பல கை கடந்த ஆணை

இதற்கு மறுதலையாக நிற்பது ஆனைமங்கலச் செப்பேடு. லெய்டன் நகரைச் சென்றடைந்தமையால் லெய்டன் பெரிய செப்பேடு எனவும் இது வழங்கும். ஸ்ரீவிசய மன்னன் தன் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் எடுத்த சூடாமணிவர்ம விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கிய செய்தியைக் கூறுவது. ஆணை பிறந்தது அவனது 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாள். அஃதாவது ஏறத்தாழ கி.பி. 1006. தஞ்சாவூர் மாளிகை மண்டபத்தில் இருந்து மன்னன் வாயால் சொன்னான். இங்கும் தொடக்கம் வாய்ச்சொல்லே என்பது கருதத்தக்கது. வேறுபாடு அதன்பின் நிகழ்வதில் உள்ளது.

மன்னன் சொன்னதை ஓலையில் எழுதியவன் விளத்தூர் கிழவன் அமுதன் தீர்த்தகரன். எழுதியது சரியே என ஒப்பியவர், கிருஷ்ணன் இராமனாகிய மும்முடிச்சோழ பிரமராயன் முதலிய ஓலைநாயகர். பின்னர் அது வரித்துறையை அடைகிறது. வரிப்பொத்தகம் காப்போர், அதன் கணக்கர், வரியிலிடுவோர், பட்டோலை எழுதுவோர் என அத்துறைப் பணியாளர் பலர் சுட்டப்பெறுகின்றனர். பதிவு செய்த பின்னரே திருமுகம் நாட்டார்க்குச் செல்கிறது. அவர்கள் எதிர்சென்று தொழுது வாங்கித் தலைமேல் வைத்து, பிடியானையை நடத்தி எல்லை சூழ்ந்து, கல்லும் கள்ளியும் நாட்டுகின்றனர். செய்து முடித்ததை எழுதி, எழுத்திட்டுக் கொடுக்கின்றனர். அதுவும் ஆவணத்தின் பகுதியாகிறது.

இங்கு நாம் காணும் படிகள் ஐந்து: சொல்லுதல், எழுதுதல், ஒப்புதல், பதிதல், களத்தில் செய்து முடித்து மறுமொழி தருதல். எழுதியவனே ஒப்புபவன் அல்லன். ஒப்பியவனே பதிபவன் அல்லன். பதிந்தவனே எல்லை காண்பவன் அல்லன். ஒருவர் பிழையை அடுத்தவர் காணும் வாய்ப்பு இவ்வமைப்பிலேயே உண்டு. இத்துணைக் கைகள் கடந்தமையால் காலம் நீண்டிருக்கும் என்பது உண்மையே. ஆயின் பயனும் உண்டு. இராசராசன் 1014இல் மறைந்தான். அவன் மகன் இராசேந்திரன் அக்கொடையை நிலைபெறச் செய்தான். சொன்னவன் மறைந்தும் சொல் மறையாமைக்கு, அது பலர் எழுத்தில் நின்றமை ஒரு காரணமாதல் வேண்டும்.

3. படித்துக் காட்டும் அவை

எழுத்தறிந்தோர் அவையிலும் இத்தகைய காப்பு வேண்டப்பட்டது. முதலாம் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டைச் (கி.பி. 921) சார்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டு, 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழி வாரியப் பெருமக்களைத் தெரியும் முறையை வகுக்கிறது. குடத்தினின்று எடுத்த ஓலையை வாங்குபவன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும், அதனை வாசிக்கவேண்டும், அங்குள்ள நம்பிமார் அனைவரும் அவ்வோலையை வாசிக்கவேண்டும், அதன் பின்னரே பெயரை எழுதிக்கொள்ளவேண்டும். விரல் விரித்தல் கையில் மறைவில்லை என்பதைக் காட்டும். பலர் வாசித்தல் செவிப்பிழையையும் கண்பிழையையும் களையும். மேலும், வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் குடவோலையில் இடம்பெற இயலாது. ஒருவரையொருவர் நம்பிக் கூடியவரே இவர். எனினும் நம்பிக்கையை மட்டும் சார்ந்து முறையைக் கைவிடவில்லை.

4. இலக்கணம் தரும் அளவுகோல்

தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் தொழிலின் முதனிலை எட்டனைக் கூறுவர். தொழில், அதனைச் செய்வோன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, யார்பொருட்டு என்பது, என்ன பயன் கருதி என்பது ஆகியன அவை. வேற்றுமை ஆராய்ச்சிக்குரிய இந்நூற்பா அலுவல் எழுத்துக்கும் நல்லதோர் அளவுகோலாகும். ஆனைமங்கலச் செப்பேட்டை இதனால் அளந்தால், எட்டு வினாவுக்கும் விடை கிடைக்கிறது. மன்னனே ‘நாம்’ எனத் தன்மையில் பேசுகிறான், எழுதினவன் பெயர் உண்டு, நாள் உண்டு, எல்லை உண்டு, பெறுவோர் உளர்.

1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டபின் தமிழ் அலுவல் மொழியாக வளர்ந்த வரலாறு பெருமைக்குரியது. கலைச்சொற்கள் உருவாயின, கோப்பும் குறிப்பும் தமிழில் அமைந்தன. ஆயின் தொடரமைப்பில் ஒரு குறை வேரூன்றிவிட்டது. ‘ஆவன செய்யப்படும்’, ‘உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்’, ‘பரிசீலிக்கப்பட்டு வருகிறது’ என்னும் தொடர்களை நோக்குக. எட்டனுள் தொழில் ஒன்றே இவற்றில் உளது. அதுவும் தெளிவின்றி உளது. செய்வோன் யார்? எந்நாளுக்குள்? எங்கே? முதியோர் உதவித்தொகை வேண்டி விண்ணப்பித்த ஒருவர் இத்தகைய மறுமொழியைக் கையில் பெற்றால், அடுத்து யாரிடம் செல்வது என அவர் அறியார். அதே அலுவலகத்தில் அடுத்த இருக்கையில் இருப்பவரும் அறியார். வினைமுதல் மறைந்த தொடரில் மக்களும் வழி இழக்கின்றனர். உடன் பணியாற்றுவோரும் வழி இழக்கின்றனர். தெளிவின்மையும் கூட்டுவினைச் சிதைவும் ஒரே வேரினின்று கிளைப்பவை என நாம் கூறுவது இதுபற்றியே.

கடிதத்தின் அடியில் அலுவலர் கையொப்பம் உண்டே எனின், அக்கையொப்பம் அனுப்பினவர் யார் என்பதைக் காட்டும். செய்யவிருப்பவர் யார் என்பதைக் காட்டாது. கோப்பினுள் ஒவ்வொருவர் குறிப்பும் சுருக்கொப்பமும் உளவே எனின், அது மெய்யே. சோழர் ஓலைமுறையின் பண்பு கோப்பில் இன்றும் வாழ்கிறது. ஆயின் அக்கோப்பு அறையினுள் உள்ளது. மக்கள் கைக்கு வருவது கடிதமே.

சோழர் காலத்தைப் பொற்காலமாகப் புனைவது நம் கருத்தன்று. நாம் கண்டது ஓர் அரசுக் கொடையாவணம். அன்றாட அலுவலோலைகள் நமக்குக் கிட்டவில்லை. வரி செலுத்திய உழவரின் குரலும் அச்செப்பேட்டில் கேட்பதில்லை. எனினும், அதன் முறையை மட்டும் பிரித்தெடுத்துக் கொள்வதில் தடையில்லை.

5. முடிபு

மேற்கூறியவற்றால் மூன்று பெறப்படும். முதலாவது, அலுவலில் எழும் ஒவ்வொரு தொடரும் வினைமுதலையும் காலத்தையும் வெளிப்படக் கூறல் வேண்டும். ‘நில அளவர் இம்மாதம் 20ஆம் நாளுக்குள் தங்கள் நிலத்தை அளப்பார்’ என எழுதுவதில் தமிழுக்கு இடர்ப்பாடு எதுவும் இல்லை. இரண்டாவது, எழுதுவோரும் ஒப்புவோரும் வேறாக இருத்தல் வேண்டும்; வாய்மொழியாக வந்த ஆணை எழுத்தில் ஏறிய பின்னரே செயலாதல் வேண்டும். மூன்றாவது, கீழுள்ளவர் ஐயுற்றால் அவ்வையம் அச்சமின்றி மேற்செல்ல வழி வகுத்தல் வேண்டும். முன்னைய இரண்டையும் செப்பேடு கற்பிக்கிறது. மூன்றாவதைக் கற்பிப்பது கோவலன் குருதி. ஆட்சித் தமிழைப் பயிற்றும் பொறுப்பு தமிழ்த்துறைகளுக்கும் உண்டு. கலைச்சொல் தருவதோடு அப்பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. செய்வோனை மறைக்காத தொடரை எழுதப் பழக்குவதும் நம் கடனே.