பழக்கடைப் பையன் துப்பறிந்த பூங்கா

டோக்கியோவின் இகெபுகுரோ ரயில் நிலையத்தில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு ஒரு குழப்பம் காத்திருக்கும். ஜப்பானிய மொழியில் 'செய்' என்றால் மேற்கு, 'தோ' என்றால் கிழக்கு. ஆனால் செய்பு அங்காடி இருப்பது கிழக்கு வாசலில். தோபு அங்காடி மேற்கு வாசலில். பேட்டையே அப்படித்தான், பெயர் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். துப்பறியும் கதைக்கு வேறென்ன வேண்டும்?

ஜப்பானியத் துப்பறியும் கதையின் தந்தை எனப்படும் எதோகாவா ராம்போ 1934 முதல் 1965இல் இறக்கும்வரை இங்கேதான் குடியிருந்தார். எட்கர் ஆலன் போவின் பெயரை ஜப்பானிய நாவுக்கு வளைத்துச் சூட்டிக்கொண்ட புனைபெயர் அது. ரிக்யோ பல்கலைக்கழகத்தை ஒட்டிய அவர் வீட்டிலிருந்து சற்று நடந்தால் மேற்கு வாசல் பூங்கா வந்துவிடும். ராம்போவின் துப்பறிவாளர் அகெச்சி பெரிய அறிவாளி. 1997இல் அந்தப் பூங்காவில் வந்து நின்ற துப்பறிவாளனோ பழக்கடைப் பையன்.

அவனைப் படைத்த ஈரா இஷிதா விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர். 'இகெபுகுரோ வெஸ்ட் கேட் பார்க்' என்ற அவரது கதைக்கு அந்த ஆண்டு புதுமுக மர்மக்கதைப் பரிசு கிடைத்தது. 1998இல் நூலாயிற்று, 2000இல் தொலைக்காட்சித் தொடராயிற்று. நாயகன் மகோத்தோ தொழிற்பள்ளி முடித்தவன். பகலில் அம்மாவின் கடையில் பழம் விற்பான், இரவில் பூங்காவில் நண்பர்களோடு உட்கார்ந்திருப்பான். இளம் பெண்களை ஓட்டல் அறைக்கு அழைத்துப் போய்க் கழுத்தை நெரிக்கிற ஒருவன் அந்தப் பகுதியில் உலவுகிறான். ஒருநாள் மகோத்தோவின் தோழி ரிகா கொல்லப்படுகிறாள். ஜி-பாய்ஸ் என்ற தெருக்கூட்டத்தின் தலைவனான தகாஷியிடம் போய் மகோத்தோ உதவி கேட்கிறான். கூட்டம் தெருத் தெருவாகப் பிரிந்து காவல் நிற்கிறது. முடிவைச் சொல்லமாட்டேன், படிக்கப் போகிறவர்கள் என்னைச் சபிப்பார்கள்.

அந்தக் காலத்து இகெபுகுரோ கற்பனை அல்ல. நிறக் கும்பல்கள் நிஜமாகவே இருந்தன. ஒரே நிறத்தில் கைக்குட்டை, ஒரே நிறத்தில் சட்டை. அமெரிக்கத் தெருக்கும்பல்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கோலம். கோக்யாரு என்ற பள்ளிப் பெண்கள் தொளதொளவென்று வழியும் வெள்ளைக் காலுறையும் வெயிலில் கறுத்த முகமுமாகத் திரிந்தார்கள். அதே 1997இல் கோபே நகரில் குழந்தைகளைக் கொன்றவன் 14 வயதுச் சிறுவன் என்று தெரியவந்தபோது நாடு ஆடிப்போனது. 2000ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், குற்றத் தண்டனைக்குரிய வயதை 16இலிருந்து 14ஆகக் குறைத்தது. வயசுப் பிள்ளைகள் நாலு பேர் கூடி நின்றாலே பெரியவர்களுக்கு வயிற்றைக் கலக்கிய நாட்கள் அவை.

இஷிதா அந்தப் பயத்தைத் திருப்பிப் போட்டார். போலீசுக்குத் தெரியாதது கூட்டத்துக்குத் தெரியும் என்றார். யார் எந்தப் பெஞ்சில் உட்காருவார், எந்தப் பெண் இரண்டு நாளாக வரவில்லை, புதிதாக வந்து நிற்கும் கார் யாருடையது என்பதெல்லாம் வேலைவெட்டி இல்லாமல் நிற்கிறவன் கண்ணில்தான் படும். கேமரா வைத்த கைப்பேசி இன்னும் பரவாத காலம். முகத்தை நினைவில் வைத்திருந்தார்கள். மகோத்தோவின் சாமர்த்தியம் என்று நான் நினைப்பது இதைத்தான். அவனுக்கு எல்லோரையும் பெயரோடு தெரியும்.

இன்றைய பூங்காவில் அந்தப் பையன்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். 2014இல் ஓர் ஆய்வுக்குழு, இளம்பெண்களின் எண்ணிக்கை பாதிக்குமேல் குறைந்து நாளடைவில் அழியக்கூடிய ஊர்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. டோக்கியோவின் 23 வட்டாரங்களில் அதில் இடம்பெற்றது ஒன்றே ஒன்று: இகெபுகுரோ இருக்கும் தொஷிமா. வட்டார நிர்வாகம் பதறிப்போய்ப் பூங்காக்களில் கைவைத்தது. மேற்கு வாசல் பூங்கா 2019 நவம்பரில் புது உருவில் திறந்தது. தலைக்கு மேலே ஐந்து உலோக வளையங்கள், பெரிய திரை, இசைமேடை, காப்பிக்கடை. நன்றாகத்தான் இருக்கிறது. நாலு பேர் சும்மா நிற்கத்தான் காரணம் இல்லை.

இளைஞர் கூட்டம் கிழக்குப் பக்கம் நகர்ந்துவிட்டது. சுகாமோ சிறை இருந்த இடத்தில் 1978இல் எழுந்த சன்ஷைன் 60 கட்டடத்தின் அருகே, அனிமே ரசிகைகளின் கடைகள் நிறைந்த ஒதோமே வீதி இருக்கிறது. 2014 முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் வேடமணிந்தவர்களின் விழா. வட்டார நிர்வாகமே வரவேற்கிறது. அன்று போலீசை வரவழைத்த விசித்திர உடை இன்று சுற்றுலாவை வரவழைக்கிறது. 1998இல் குற்றச்செயலுக்காக ஜப்பானில் பிடிபட்ட சிறார்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல்; 2022இல் 15,000 அளவுதான். பிள்ளைகள் குறைந்துபோனதை மட்டும் வைத்து இவ்வளவு பெரிய சரிவை விளக்க முடியாது.

தெருவில் நின்ற கூட்டம் கைப்பேசிக்குள் நகர்ந்த மாற்றத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்தவர் நரிதா ரியோகோ. 2004இல் தொடங்கிய அவரது 'துராராரா' கதைகளும் இகெபுகுரோவில்தான் நடக்கின்றன. அதில் வரும் டாலர்ஸ் கும்பலுக்கு நிறமே கிடையாது. கடவுச்சொல் தெரிந்தால் யாரும் உறுப்பினர். பக்கத்தில் நிற்பவன் நம் ஆளா என்றுகூடத் தெரியாது. ஒரு காட்சியில் தெருவில் ஆளாளுக்குக் கைப்பேசி ஒரே நேரத்தில் ஒலிக்கிறது. அப்போதுதான் இத்தனை பேரா என்று விளங்குகிறது. ஜி-பாய்ஸ் கூட்டத்தில் இப்படி ஒரு திகைப்பு வர வழியே இல்லை.

2017இல் நிஜம் கதையைத் தாண்டிப் போனது. டோக்கியோவுக்கு அருகில் ஜாமா நகரில், ஒருவனது சிறிய வீட்டில் ஒன்பது பேரின் உடல்கள் கிடைத்தன. சாக விரும்புவதாக ட்விட்டரில் எழுதிய இளம் வயதினரைத் தேடிப் பிடித்து, துணைக்கு வருவதாகச் சொல்லி வரவழைத்து, ஏறக்குறைய இரண்டே மாதத்தில் கொன்றிருந்தான். எட்டுப் பேர் பெண்கள். 2025 ஜூனில் அவன் தூக்கிலிடப்பட்டான். அந்த எட்டுப் பெண்களும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான். ஆனால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஒருத்தி இரண்டு நாளாக வரவில்லை என்று கவனிக்க அங்கே பெஞ்சு இல்லை.

அவன் பிடிபட்ட விதம் என்னை இஷிதாவின் கதைக்கே திருப்பி அழைத்துப்போனது. காணாமற்போன ஒரு பெண்ணின் அண்ணன், தங்கையின் கணக்குக்குள் நுழைந்து சந்தேகத்துக்குரிய ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார். அந்தக் கணக்கைப் பற்றித் தகவல் கேட்டு ட்விட்டரில் எழுதினார். அவருக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் முன்வந்து, அந்த ஆளைச் சந்திக்க வருவதாகச் செய்தி அனுப்பினார். குறித்த ரயில் நிலையத்துக்கு அவன் வந்தான். அங்கிருந்து வீடுவரை போலீஸ் அவன் பின்னாலேயே நடந்தது.