பெயர் ஓரிடம், பொறி ஓரிடம்

உங்கள் வீட்டுக்கு வரும் அஞ்சல் உறை ஒன்றை எடுத்துப் பாருங்கள். முகவரியின் முடிவில் 6 இலக்கங்கள் கொண்ட பின்கோடு எண் இருக்கும். அது 6 என்ற இலக்கத்தில் தொடங்கினால், அக்கடிதம் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகிய பகுதிகளுள் ஒன்றுக்கு உரியது என்று உடனே கூறிவிடலாம். முகவரியின் முடிவு இடத்தைக் காட்டிவிடுகிறது.

இணையதளங்களின் பெயர்களுக்கும் இப்படி ஒரு முடிவு உண்டு. .காம், .ஆர்க், .இன் என்பவை நாம் அடிக்கடி காண்பவை. இவற்றைப் பின்னொட்டு என்று அழைப்போம். 'இன்' என்பது இந்தியாவுக்கு உரியது. அப்படியானால் '.டிவி' எதற்கு உரியது? தொலைக்காட்சிக்கு என்று நினைக்கிறீர்களா? இல்லை! அது துவாலு என்னும் நாட்டுக்கு உரியது.

துவாலு பசிபிக் பெருங்கடலில் உள்ளது. 9 சிறு தீவுகள். மொத்தப் பரப்பு சுமார் 26 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 10,000 பேர். ஒவ்வொரு நாட்டுக்கும் உலகத் தரப் பட்டியல் ஒன்றில் இரண்டெழுத்துக் குறியீடு உண்டு. துவாலுவுக்குத் தற்செயலாக 'டி', 'வி' என்ற எழுத்துகள் அமைந்தன. தொலைக்காட்சி நிறுவனங்களும் படம் காட்டும் தளங்களும் அந்தப் பெயரை விரும்பி வாங்கின. துவாலு 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தபோது, அதற்கான செலவுக்குக் கைகொடுத்ததும் இந்த இரண்டெழுத்து வருவாய்தான்.

இப்போது ஒரு கேள்வி. உங்கள் பள்ளி வானியல் மன்றத்தார் சந்திர கிரகணப் படங்களை இணையத்தில் வைக்க விரும்பி, 'வானம்.டிவி' என்ற பெயரைத் தேர்ந்தெடுப்பதாக வைத்துக்கொள்வோம். படங்களைத் துவாலுவுக்கு அனுப்ப வேண்டுமா? அங்கே ஒரு கணிப்பொறி வேண்டுமா?

வேண்டியதே இல்லை. ஏன் என்று பார்ப்போமா?

பெயர் வேறு, எண் வேறு

இணையத்தில் உள்ள கணிப்பொறிகள் ஒன்றையொன்று பெயரால் அறிவதில்லை; எண்ணால் அறிகின்றன. 192.0.2.10 என்பது போன்றது அந்த எண். நமக்கோ எண்களை நினைவில் வைப்பது கடினம். தொடக்க காலத்தில் எல்லாப் பெயர்களும் எண்களும் அமெரிக்காவில் ஒரே பட்டியலாக வைக்கப்பட்டிருந்தன. கணிப்பொறிகள் பெருகப் பெருக ஒரே பட்டியல் தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அறிஞர் பட்டியலைப் படிப்படியாகப் பிரித்து வைக்கும் முறையை வகுத்தார். இன்றும் அதுவே நடைமுறையில் இருக்கிறது.

முன்பின் தெரியாத ஊரில் ஒரு வீட்டைத் தேடுகிறீர்கள். பேருந்து நிலையத்தில் கேட்டால், "அந்தத் தெரு கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது" என்பார்கள். தெருமுனைக் கடையில் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். கணிப்பொறியும் இப்படித்தான் விசாரிக்கிறது.

முதலில் வேர்ச் சர்வர்களிடம் கேட்கிறது. 'ஏ' முதல் 'எம்' வரை 13 பெயர்களில் இவை உள்ளன. அவற்றுக்கு 'வானம்' தெரியாது, '.டிவி' பதிவேடு யாரிடம் உள்ளது என்பது மட்டும் தெரியும். அடுத்து அந்தப் பதிவேட்டிடம் கேட்கிறது. அதற்கும் எண் தெரியாது, வானம்.டிவியின் விவரத்தை வைத்திருக்கும் பெயர்ச் சர்வர் எது என்று மட்டும் கூறும். அந்தப் பெயர்ச் சர்வர்தான் இறுதியில் எண்ணைக் கொடுக்கிறது. இத்தனையும் நாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகின்றன!

ஆகவே, பின்னொட்டு காட்டுவது பதிவேடு யார் பொறுப்பில் உள்ளது என்பதையே. படங்களைத் தாங்கும் பொறி மும்பையில் இருக்கலாம், சிங்கப்பூரில் இருக்கலாம், உங்கள் பள்ளியிலேயே கூட இருக்கலாம்.

செய்ய வேண்டியவை

முதலில் பதிவாளர் நிறுவனம் ஒன்றில் ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பெயரைப் பதிவு செய்கிறோம். அடுத்து, எப்போதும் இயங்கும் சர்வர் ஒன்றில் இடம் வாடகைக்கு எடுக்கிறோம். இதுவே ஹோஸ்டிங். இரண்டும் ஒரே நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சர்வர் நிறுவனம் அந்தப் பின்னொட்டை விற்பதில்லை என்பதால் மனம் தளர வேண்டாம். வேறு இடத்தில் பெயர் வாங்கி, சர்வர் நிறுவனம் தரும் பெயர்ச் சர்வர்களின் பெயர்களைப் பதிவாளரின் பக்கத்தில் எழுதினால் போதும். பெயரும் பொறியும் இணைந்துவிடும்.

ஆனால், மாற்றம் உடனே எல்லோருக்கும் தெரிந்துவிடாது. வழியில் உள்ள கணிப்பொறிகள் பழைய விடையைச் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். சில மணி நேரமோ, ஓரிரு நாள்களோ பொறுத்திருக்க வேண்டியிருக்கும்.

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் எனத் தமிழிலேயே அமைந்த பின்னொட்டுகளும் உண்டு. சர்வர் நிறுவனத்தின் படிவம் தமிழ் எழுத்தை ஏற்காவிட்டால் என்ன செய்வது? அத்தகைய பெயர்களுக்கு 'எக்ஸ்', 'என்' என்ற எழுத்துகளிலும் இரண்டு சிறு கோடுகளிலும் தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்து வடிவம் உண்டு. பதிவாளர் காட்டும் அந்த வடிவத்தைப் படிவத்தில் எழுத வேண்டும்.

பொறி இருந்தும் பெயர் இல்லை

பதிவேடு யாரிடம் இருந்தால் நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? யுகோஸ்லாவியாவின் கதையைக் கேளுங்கள். அந்நாட்டின் பின்னொட்டு '.ஒய்யு'. நாடு உடைந்தது. 2003இல் எஞ்சிய பகுதியின் பெயரும் மாறியது. 2006இல் அதுவும் செர்பியா, மாண்டினீக்ரோ என இரண்டானது. இரண்டுக்கும் புதிய பின்னொட்டுகள் வந்தன. 2010 மார்ச் 30 அன்று '.ஒய்யு' வேர்ச் சர்வர்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. புதிய பெயருக்கு மாறாதவர்களின் பக்கங்கள் என்னவாயின? பக்கங்கள் அழியவில்லை, பொறிகள் பழுதாகவில்லை. ஆனால் பழைய பெயரைச் சொல்லிக் கேட்டால், வழிகாட்ட எவரும் இல்லை!

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியபோதும் இப்படி நேர்ந்தது. '.ஈயு' பெயரை வைத்திருக்க ஒன்றியத்தோடு தொடர்பு வேண்டும் என்பது விதி. அத்தகுதியை இழந்தவர்களின் பெயர்கள் 2021 தொடக்கத்தில் முடக்கப்பட்டன.

துவாலுவின் நிலை வேறு. கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரத்தைக்கூட எட்டாத நாடு அது. கடலோ உயர்ந்துகொண்டிருக்கிறது. நிலம் போனாலும் தம் நாடு நாடாகவே நீடிக்கும் என்று 2023இல் அம்மக்கள் தம் அரசியலமைப்பில் எழுதி வைத்தார்கள். அவர்களுடைய இரண்டெழுத்தும் அந்த உறுதியை நம்பியே நிற்கிறது.

ஆகவே, அரிய பின்னொட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பதிவேட்டை வைத்திருப்பவர் யார்? பெயர் வைத்திருக்க என்ன தகுதி வேண்டும்? இரண்டாம் ஆண்டு புதுப்பிக்கக் கட்டணம் எவ்வளவு? முதல் ஆண்டில் மலிவாகத் தந்து, பிறகு பல மடங்கு கேட்பதும் உண்டு.

செய்து பாருங்கள்

பள்ளிக் கணிப்பொறியின் கட்டளைத் திரையில் என்-எஸ்-எல்-ஓ-ஓ-கே-யு-பி என்று ஆங்கிலத்தில் இடைவெளியின்றித் தட்டச்சு செய்யுங்கள். ஓர் இடைவெளி விட்டு, உங்களுக்குத் தெரிந்த இணையதளப் பெயர் ஒன்றை எழுதி, என்டர் விசையை அழுத்துங்கள். பெயருக்குப் பின்னால் இருக்கும் எண் திரையில் தோன்றும். வெவ்வேறு பின்னொட்டுள்ள 5 பெயர்களுக்கு இதைச் செய்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னொட்டுக்கும் எண்ணுக்கும் ஏதேனும் தொடர்பு தெரிகிறதா?