திசா ஆறு பூக்கும் மாலை

மழை விட்டதும் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை நமக்குத் தெரியும். அது கரையான் இனம். மேஃப்ளை (mayfly) என்னும் பூச்சி வேறு. பிறப்பும் வளர்ச்சியும் நன்னீரில், இறகு முளைப்பது கடைசியில் மட்டும்.

ஐரோப்பாவின் மிகப் பெரிய மேஃப்ளை, ஹங்கேரி வழியே செர்பியாவுக்குள் பாயும் திசா ஆற்றில் இருக்கிறது. வால் இழைகளையும் சேர்த்தால் நீளம் சுமார் 12 செ.மீ. ஜூன் மாதத்தில், வெயில் தாழும் வேளையில், ஆற்றின் மேல் லட்சக்கணக்கில் எழும். திசா பூக்கிறது என்பார்கள் கரையோர மக்கள்.

ஆண் பூச்சி நீரைவிட்டு வந்ததும் கரைச் செடியில் உட்கார்ந்து இன்னொரு முறை தோலுரிக்கிறது. இறகு வந்த பின்னும் தோலுரிக்கும் பூச்சியினம் மேஃப்ளை ஒன்றுதான். அவசரத்தில் சில, உரிந்த தோல் வாலில் தொங்கத் தொங்கவே ஆற்றுக்குத் திரும்பிவிடும். இந்த இனத்தின் பெண்ணோ அதற்கும் நிற்பதில்லை. இரண்டுக்குமே சாப்பிட வாயில்லை. குடலில் இருப்பது காற்று. இணை சேர்ந்த பெண், ஆற்றை எதிர்த்து மேல்நோக்கிப் பறந்துபோய் ஆயிரக்கணக்கான முட்டைகளை நீரில் விடுகிறது. முட்டைகள் கீழே அடித்துச் செல்லப்படுவதை அந்தப் பயணம் ஈடுகட்டுகிறது. சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆனால் இதை அற்பாயுள் பூச்சி என்பது சரியில்லை. அதற்கு முன் மூன்று ஆண்டுகள், நீருக்கடியில் களிமண் கரையில் வளை தோண்டி, செவுளால் சுவாசித்து, நீர் கொண்டுவரும் மக்கிய துகள்களைத் தின்று வாழ்ந்திருக்கிறது. நாம் பார்க்கும் மாலை அந்த வாழ்வின் கடைசிப் பக்கம் மட்டுமே.

நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் தன்மையைக் கொண்டே மேஃப்ளைகள் ஆற்றை அடையாளம் காண்கின்றன. ஈரமில்லாத தார்ச்சாலையும் அதேபோல் ஒளிர்வதால், சில இனங்கள் அதன்மேலேயே முட்டையிட்டுவிடுகின்றன. 1998இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் இதை நிரூபித்தார்கள். அந்த முட்டைகள் ஒன்றுகூடத் தேறுவதில்லை.

திசாவின் இதே பூச்சியை நெதர்லாந்தில் ஆராய்ந்து, 1675இல் தனி நூலே எழுதினார் டச்சு ஆய்வாளர் யான் ஸ்வாமர்டாம். அன்று ரைன் ஆற்றிலும் இது வாழ்ந்தது. ஆலைக் கழிவு கலந்து, கரைகளும் திருத்திக் கட்டப்பட்டபின், மேற்கு ஐரோப்பாவில் அடியோடு மறைந்துபோனது. இந்தப் பூச்சியைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் காப்பாற்ற வேண்டியது ஆற்றின் களிமண் கரையைத்தான்.